ஆகஸ்ட் மாதத்து உப்பு

எங்கள் கூலே கோஷில் கோடைகாலத்து ஈரம் எவ்வளவு என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். எது சொன்னாலும் பொய் என்பார்கள் என்பதால் நான் குறைத்தே சொல்வது வழக்கம். ஜூன் மாதம் காயப்போட்ட சட்டை செப்டம்பரில் காயும். இடையில் அதன் பையில் தவளை ஒன்று குடும்பம் நடத்திவிட்டுக் காலி செய்துகொண்டு போகும். ஒரு ஜூலையில் கெளுத்தி மீன் ஒன்று ஓடையிலிருந்து காற்றிலேயே நீந்தி வந்து என் சமையலறை ஜன்னலுக்கு வெளியே நின்றது. உள்ளே ஈரம் கொஞ்சம் குறைச்சல் என்று பட்டிருக்க வேண்டும், திரும்பிப் போய்விட்டது. நான் பார்த்தேன். என் கூட்டாளி செவரானும் பார்த்தான். அவன் இப்போது உயிரோடு இல்லை.

லூசியானாவின் தெற்கு ஓரத்தில் இப்படியொரு ஊரில் இருந்துகொண்டு, வரப்போகும் கோடை எப்படிப்பட்டது என்று முன்னாலேயே தெரிந்துகொள்ளாமல் பிழைக்க முடியாது. நெல் போடுகிறவன், வைக்கோல் அறுக்கிறவன், பெண்ணுக்குக் கல்யாணம் வைக்கிறவன் எல்லோருக்கும் அது வேண்டும். செய்தித்தாளில் ஒரு கணிப்பு வரும். மருந்துக்கடையில் இனாமாகக் கொடுக்கிற பஞ்சாங்கத்தில் வேறொன்று இருக்கும். இரண்டையும் அச்சடிக்கிறவர்கள் வடக்கே பனியில் அடுப்பைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள். நாங்கள் வெங்காயத்தை நம்பினோம். வெங்காயங்களிலும் எல்மீர் வீட்டு வெங்காயத்தை நம்பினோம்.

எல்மீர் என் சித்தப்பா மகள். வருஷத்தின் கடைசி நாள் சாயங்காலம் ஆறு பெரிய வெங்காயங்களைக் குறுக்கே வெட்டி, நடுவைத் தோண்டி எடுத்துப் பன்னிரண்டு கிண்ணம் செய்வாள். ஜன்னல் ஓரமாக ஒரு பலகை. அதில் வரிசையாக வைத்து ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி உப்பு போடுவாள். முதலாவது ஜனவரி, கடைசி டிசம்பர். புது வருஷத்தன்று காலையில் எந்தக் கிண்ணத்து உப்பு காய்ந்து கிடக்கிறதோ அந்த மாதம் வானம் வாயைத் திறக்காது. கசிந்திருந்தால் மழை. தண்ணீராகவே நின்றால் படகைப் பழுது பார்த்துக்கொள்ள வேண்டியது. மாதாகோவிலில் பூசை முடிந்து ஊரே அவள் வீட்டு வாசலில் வந்து நிற்கும். அவள் வெளியே வந்து மாதம் மாதமாகச் சொல்வாள். பன்னிரண்டு வருஷம் சொன்னாள், ஒரு மாதம் தப்பியதில்லை. சாமியார்கூட, அதெல்லாம் மூடநம்பிக்கை என்று பிரசங்கத்தில் திட்டிவிட்டுத் தன் வைக்கோலை எப்போது அறுக்கலாம் என்று ஆள் அனுப்பிக் கேட்பார்.

நான் சொல்ல வந்த வருஷத்தில் எல்மீருக்கு முப்பது வயது. அவள் வீட்டுக்காரன் ஓனேசிமுக்கும் எனக்கும் ஒரே வயது, முப்பத்தாறு. அவர்களுக்குப் பிள்ளை இல்லை. வீடு இருந்தது. என் சித்தப்பா சைப்ரஸ் மரத்தில் இழைத்துக் கட்டிய நாலு அறை வீடு. வீடு அவர்களுடையது, அடியில் இருந்த மண் அவர்களுடையது இல்லை. எங்கள் பக்கத்தில் அது சாதாரணம். அந்த மண்ணை அரிசி ஆலைக்காரர் ஒருவர் வாங்கிவிட்டார். வாய்க்கால் வெட்டப் போகிறேன், செப்டம்பர் ஒண்ணாந்தேதிக்குள் வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள் என்று மரியாதையாகத்தான் சொன்னார். வீட்டை எடுத்துக்கொண்டு போவதும் எங்கள் பக்கத்தில் சாதாரணம். ஊரிலுள்ள ஜோடி மாடுகளையெல்லாம் கட்டி இழுத்தால் வரும். கிழக்கே இரண்டு மைல் தள்ளி, மேட்டில், எல்மீருக்கு அவள் அம்மா வழியில் மூன்று ஏக்கர் இருந்தது. புல்வெளி காய்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான் விஷயம்.

ஓனேசிமுக்கு இழுக்கிற யோசனையே பிடிக்கவில்லை. கிறிஸ்துமஸ் கழிந்த மூன்றாம் நாள் அவர்கள் சமையலறையில் நானும் இருந்தேன். வாத்துக்கறிக் குழம்பு, நாங்கள் கம்போ என்போம், கொதித்துக்கொண்டிருந்தது. அதனால்தான் இருந்தேன்.

“டெக்சஸ்ல எண்ணெய் ஆலைக்கு ஆள் எடுக்கறாங்க” என்றான் ஓனேசிம். “மழை பேஞ்சாலும் சம்பளம், வெயில் அடிச்சாலும் சம்பளம். வருஷம் பூரா அண்ணாந்து பாத்துப் பாத்து எனக்குக் கழுத்தே கோணிப்போச்சு.”

“அங்க நமக்கு யாரு இருக்கா?” என்றாள் எல்மீர்.

“இங்க யாரு இருக்கா? இந்தப் பொய்யன் ஒருத்தன்.” என்னைக் கரண்டியால் காட்டினான்.

“நான் ஒருத்தன் பத்தாதா மச்சான்?”

“நீ ஒருத்தன் இருக்கறதாலதாம்பா போகணுங்கறேன்.”

எல்மீர் சிரிக்கவில்லை. கம்போவைக் கிளறிக்கொண்டே சொன்னாள். “எங்கப்பா ஒவ்வொரு பலகையும் கையால எழைச்சது. அத விட்டுட்டு வாடகை ரூம்ல போயி நான் என்னத்தப் பண்ணுவேன்?”

ஓனேசிம் கெட்டவன் இல்லை. கரண்டியை மேஜைமேல் வைத்தான். “சரி. ஒரு பேச்சு. செப்டம்பர் ஒண்ணாந்தேதி வீடு ஒடையாம உன் மேட்டுல நின்னுச்சுன்னா, நான் சாகற வரைக்கும் டெக்சஸ்னு வாயே தொறக்க மாட்டேன். நிக்கலேன்னா, நீ அழுகாம என்கூட பஸ் ஏறணும்.”

“ஏறறேன்” என்றாள். “எந்த மாசம் இழுக்கணும்னு வெங்காயம் சொல்லட்டும். அண்ணே, நீங்கதான் சாட்சி.”

“இவனா?” என்றான் ஓனேசிம். “ஊர்ல வேற ஆம்பளையே இல்லியா?”

புது வருஷத்தன்று விடியும்போதே போய் வாழ்த்துச் சொல்வது எங்கள் பழக்கம். முதலில் வருகிற ஆண்பிள்ளைக்கு ஒரு வாய் சாராயம் கிடைக்கும் என்பதால் நான் எப்போதும் முதலில் போய்விடுவேன். அன்றும் போனேன். எல்மீர் கொட்டிலில் பால் கறந்துகொண்டிருந்தாள். ஓனேசிம் இன்னும் எழுந்திருக்கவில்லை. சமையலறையில் யாரும் இல்லை. மேஜைமேல் ஒரு தட்டில் அவித்த முட்டைகள் இருந்தன.

பூசைக்கு முன்னால் பச்சைத் தண்ணீர்கூட வாயில் படக்கூடாத காலம் அது. நள்ளிரவிலிருந்து ஒருசந்தி. பூசையில் நன்மை அப்பம் வாங்குகிறவன் வெறும் வயிற்றோடுதான் போக வேண்டும். இதெல்லாம் எனக்குத் தெரியும். முட்டைக்கும் தெரிந்திருக்க வேண்டும், ஆனால் அது என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. எடுத்து உரித்துவிட்டேன். உரித்தபிறகு உப்பில்லாமல் எப்படித் தின்பது? கைக்கு எட்டும் தூரத்தில் பலகை இருந்தது. எனக்கு மிக அருகில் இருந்த கிண்ணத்தில் முட்டையைத் தொட்டேன். அந்த உப்பு கூழாகக் குழைந்து, மேலே தண்ணீர் விளிம்பு வரைக்கும் நின்றது. நான் மூன்று வாயில் முட்டையைத் தின்றேன். மூன்று தடவை தொட்டேன். மூன்றாவது தடவை வழித்தேன். கிண்ணம் காலியாகிவிட்டது.

அப்போதுதான் ஜனவரியிலிருந்து எண்ணிப் பார்த்தேன். எட்டாவது. ஆகஸ்ட் மாதம் என் வயிற்றுக்குள் போயிருந்தது.

கொட்டில் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. அடுப்புக்கு மேலே, என் தலைக்கு நேரே, உப்பு ஜாடி இருந்தது. அதுவரை என் கண்ணில் படவே இல்லை. ஒரு சிட்டிகை அள்ளிக் கிண்ணத்தில் போட்டேன். முட்டை ஓடுகளைச் சட்டைப்பையில் திணித்தேன். எல்மீர் பால் செம்போடு உள்ளே வந்து, “அண்ணே, கடவுள் இந்த வருஷம் உங்களுக்கு நல்ல புத்தியக் குடுக்கட்டும்” என்று வாழ்த்தினாள்.

பூசையில் நன்மையும் வாங்கினேன். வாங்காமல் உட்கார்ந்திருந்தால் ஏன் என்று செவரான் கேட்பான்.

பூசை முடிந்து ஊரே அவள் வாசலில் நின்றது. குளிரில் எல்லோர் வாயிலும் ஆவி வந்தது. எல்மீர் சொன்னாள்: ஏப்ரல் வறட்சி. மே, ஜூன், ஜூலை மழை. ஆகஸ்ட், என்று நிறுத்தினாள். அவள் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். “ஆகஸ்ட்டு எலும்பாட்டம் காஞ்சு கெடக்குது. இத்தன வருஷத்துல இப்பிடி ஒரு உப்ப நான் பாத்ததில்ல.”

“ஜாடியிலேருந்து இப்பத்தான் எடுத்த மாதிரியா?” என்று கேட்டான் செவரான். அவன் எதையும் கிண்டலாகத்தான் கேட்பான். என் கை சட்டைப்பைக்குப் போயிற்று.

“ஏப்ரல்ல நடவு. மாடு கெடைக்காது” என்றாள் எல்மீர். “ஆகஸ்ட்ல கதிரு நிக்கும், மாடு சும்மா நிக்கும். ஆகஸ்ட்லயே இழுக்கலாம்.”

நான் அந்த வாரமே பாவசங்கீர்த்தனம் செய்தேன். சாமியார் கனடாவிலிருந்து வந்தவர், குளிரைத் தவிர எதையும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

“முட்டை தின்னுட்டா நன்மை வாங்கின?” என்றார். “பெரிய பாவம். முப்பது அருள்நிறை மந்திரம் சொல்லு.”

“ஆகஸ்ட் மாசத்துக்கு சாமி?”

“வெங்காயத்த நம்பறதே பாவம். அதக் கெடுத்தா பாவமில்ல. போ.”

அவர் மன்னித்தது முட்டையை. ஆகஸ்ட் என் கணக்கிலேயே நின்றது. எல்மீரிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் ஒருசந்தி முறித்து நன்மை வாங்கியவன் என்று ஊர் முழுக்கத் தெரியும். அதுகூடப் பரவாயில்லை என்று பலநாள் கிளம்பினேன். வழியில் யாராவது பேச்சுக் கொடுப்பார்கள், நானும் ஒரு கதை சொல்வேன், நேரம் போய்விடும்.

ஏப்ரல் வந்தது. அந்த மாதிரி ஏப்ரலை அதற்குப் பிறகு நான் கண்டதில்லை. புல்வெளி தட்டினால் மேளம் மாதிரி சத்தம் வந்தது. நண்டுகள் குடிக்கத் தண்ணீர் கேட்டுக் கதவைத் தட்டின. ஓனேசிம் ஒரு மதியம் என் வயலுக்கு வந்து வரப்பில் நின்றான்.

“மச்சான், இந்தத் தரையப் பாத்தா ஆசையா இருக்கு. ஒரு மூணு நாள் நடவ நிறுத்திட்டு எல்லாரும் மாட்டக் குடுத்தா இப்பவே இழுத்துப்புடலாம். நீ குடுத்தா மத்தவங்களும் குடுப்பாங்க. உன் ஜோடிதான முன்னால நிக்கணும்?”

ஊரிலேயே பெரிய ஜோடி என்னுடையது. என் நடவு இன்னும் பாதிதான் ஆகியிருந்தது. அண்டை வயல்கள் முடிந்துவிட்டன. நான் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தேன்.

“வெங்காயம் ஆகஸ்ட்டுன்னுதான சொல்லிச்சு மச்சான்?”

“சொல்லிச்சுதான்.”

“என்னிக்காச்சும் தப்பிருக்கா?”

அவன் தரையைக் காலால் ஒருதடவை தட்டிப் பார்த்துவிட்டுப் போனான். அந்த வருஷம் என் நெல் நன்றாக விளைந்தது. அந்த அரிசி எனக்கு ஒருநாளும் ருசிக்கவில்லை.

ஆகஸ்ட் ஐந்தாம் தேதி இழுத்தோம். வீட்டைக் கட்டைகளிலிருந்து நெம்பித் தூக்கி, அடியில் இரண்டு நீளமான மரங்களைச் சறுக்காகச் செருகி, பதினாலு ஜோடி மாட்டைக் கட்டினோம். எல்மீர் வீட்டை விட்டு இறங்க மாட்டேன் என்றுவிட்டாள். திரைச்சீலையைக்கூடக் கழற்றவில்லை. வீடு ஊர்ந்துகொண்டிருக்கும்போதே அடுப்பு மூட்டிக் காப்பி போட்டு, ஜன்னல் வழியாக எங்களுக்கு ஒவ்வொரு கோப்பையாக நீட்டினாள். நடந்துகொண்டே காப்பி குடித்தோம், வீட்டோடு சேர்ந்து. இதை மட்டும் யாரிடம் சொன்னாலும் நம்பமாட்டார்கள்.

“தங்கச்சி, ஒன் வீட்டுல சீனி கம்மி” என்று கத்தினான் செவரான்.

“அடுத்த ஊர் வந்ததும் வாங்கிப் போடறேன், நட!”

ஓனேசிம்கூடச் சிரித்தான். முதல் நாள் முக்கால் மைல். இரண்டாம் நாள் மதியம் கொக்குப் பள்ளத்துக்கு வந்துவிட்டோம். பாதி வழி. அந்தத் தாழ்வைத் தாண்டினால் மேடுவரைக்கும் கெட்டித் தரை. தெற்கே, கடல் பக்கம், ஒரு மேகம் நின்றது. எருமைக் கன்று அளவுதான்.

“அது ஒண்ணுமில்ல” என்றாள் எல்மீர் ஜன்னலிலிருந்து. “கடல்லயே போயிரும்.”

எல்லோரும் நம்பினார்கள். நான் மட்டும் என் மாடுகளை அடித்தேன். வாழ்நாளில் நான் மாட்டை அடித்தது அன்று ஒருநாள்தான். அதுகள் திரும்பி என்னைப் பார்த்தன.

பதினொரு நாள் பெய்தது. எப்படிப் பெய்தது என்பதை நான் கூட்டிச் சொல்லப் போவதில்லை. சறுக்கு மரங்கள் முதல் நாளே முழங்கால் ஆழம் போயின. மாடுகளை அவிழ்த்துக் கரையேற்றினோம். மூன்றாம் நாள் வீடு வடகிழக்கு மூலையில் சாய்ந்தது. கூரையின் முகட்டு உத்திரம் துப்பாக்கி வெடித்த மாதிரி ஒடிந்தது. பள்ளத்தில் தண்ணீர் ஏறி, ஓனேசிமும் எல்மீரும் அந்தச் சாய்ந்த வீட்டுக்குள்ளேயே இருந்தார்கள். நான் தினமும் சின்னப் படகில் சோறு கொண்டுபோனேன். கிண்ணத்தில் ஊற்றிய கம்போ ஒரு பக்கமாகவே நின்றது. அவர்கள் கோழிகளுக்கு அதற்குப் பிறகு இடதுகால் கொஞ்சம் நீளம். ஊரில் இதைச் சொல்லிச் சிரிக்க வைத்தேன். வீட்டுக்குள் இருந்தபோது யாரும் சிரிக்கவில்லை.

மழை நின்று இரண்டு வாரமாகியும் பள்ளத்துச் சேறு இறுகவில்லை. செப்டம்பர் ஒண்ணாந்தேதி நல்ல வெயில் அடித்தது.

“பேச்சு பேச்சுதான் எல்மீர்” என்றான் ஓனேசிம். அவன் குரலில் வெற்றி எதுவும் இல்லை. கூரை ஒடிந்த நாளிலிருந்து அவள் தலைமேல் தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு நின்றவன் அவன்தான்.

“தெரியும்” என்றாள். பெட்டி கட்டினாள்.

பெரிய சாலைக்கு நான்தான் அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். பஸ் வந்தது. ஓனேசிம் ஏறிக் கையை நீட்டினான். எல்மீர் படியில் ஒரு காலை வைத்தாள். வைத்தவள் அப்படியே நின்றாள்.

“என்ன?” என்றான்.

“நான்தான் தப்பாப் பாத்துட்டேன். மழ மேல தப்பில்ல, ஒங்க மேல தப்பில்ல. என் கண்ணு மேலதான் தப்பு. எங்கப்பா வீட்ட நானே கொண்டாந்து சேத்துல நட்டுட்டேன். அத அப்பிடியே விட்டுட்டு வந்தா, அங்க நான் ஒரு நாளாச்சும் தூங்குவேனா?”

“பேச்சு என்ன பேசினோம்?”

“வீட்ட மேட்டுல ஏத்திட்டு வாரேன். நான் பண்ணின தப்ப நான் சரி பண்ணிட்டு வாரேன். அடுத்த ஏப்ரல்ல வந்துருவேன்.”

“வரமாட்ட.”

“நீங்க எறங்குங்களேன்.”

டிரைவர் இருமினான். நான் பெட்டியோடு நின்றுகொண்டிருந்தேன். ஒரே ஒரு வாக்கியம் போதும். ‘தப்பு உன் கண்ணு மேல இல்ல தங்கச்சி, என் வயித்து மேல’ என்றால் அவள் ஏறியிருப்பாள். அல்லது அவன் இறங்கி என்னை அடித்திருப்பான். இரண்டில் எது நடந்திருந்தாலும் அவர்கள் சேர்ந்திருப்பார்கள். வாய் திறந்தேன்.

“பெட்டிய ஏத்தவா, எறக்கவா?” என்று கேட்டேன்.

பஸ் போய்விட்டது. பெட்டியைத் திரும்பச் சுமந்தேன். வாழ்நாளில் நான் தூக்கிய கனத்திலேயே அதுதான் பெரியது. உள்ளே இரண்டு பாவாடையும் ஒரு ஜெபமாலையும்தான் இருந்தன.

அடுத்த ஏப்ரலில் வீடு அசையவில்லை. சேறு அதைத் தன்னுடையதாக்கிக்கொண்டுவிட்டது. அறுப்பு முடிந்த நாட்களில் நான் போய் ஒவ்வொரு பலகையாகப் பிரித்து வண்டியில் ஏற்றி மேட்டுக்குக் கொண்டுபோனேன். மூன்று வருஷம் பிடித்தது. நாலு அறையில் இரண்டு அறைக்குத்தான் மரம் தேறியது. “அண்ணே, ஒங்களுக்கு எதுக்கு இவ்வளவு பாடு?” என்று எல்மீர் கேட்பாள். “சும்மா இருந்தா பொய் சொல்லத் தோணுது” என்பேன்.

வீடு நின்றதும் டெக்சஸுக்குக் கடிதம் போட்டாள். மேட்டுக்கு வந்துவிட்டது என்று. எண்ணெய் ஆலைப் படம் போட்ட ஒரு தபால் அட்டை பதிலாக வந்தது. சந்தோஷம், கூரைக்குத் தகரம் போடு, மரம் தாங்காது என்று எழுதியிருந்தான். முதல் சில வருஷம் கல்லறைத் திருநாளுக்கு வந்து, அவன் அப்பா கல்லறைக்கு வெள்ளை அடித்துவிட்டு, எல்மீர் வீட்டில் காப்பி குடித்துவிட்டுப் போனான். பிறகு வரவில்லை. அங்கேயே புதைத்தார்கள்.

எல்மீர் அந்த ஆகஸ்டுக்குப் பிறகு வெங்காயம் வெட்டவில்லை. ஊரும் கேட்கவில்லை. ரேடியோ வந்துவிட்டது. ரேடியோ தப்பாகச் சொன்னால் யாரும் ரேடியோவின் முகத்தைப் பார்க்காமல் திரும்பிக்கொள்வதில்லை. எல்மீரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்கள்.

எனக்கு எழுபத்திரண்டு வயதானபோது ஒரு புது வருஷத்தன்று அவள் வீட்டுக்குப் போனேன். முட்டைக்கோசும் காராமணியும் வைத்திருந்தாள். வெளியே இளம் வெயில். பேச்சு எப்படியோ வரப்போகும் கோடைக்குப் போயிற்று. அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னாள், “இன்னிக்கும் நெனச்சுப் பாக்கறேன் அண்ணே. அந்த உப்பு அவ்வளவு வெள்ளையா, காஞ்சு கெடந்துச்சு. கண்ணு எப்பிடி அப்பிடி ஏமாத்திச்சு?”

நான் சொல்லிவிட்டேன். முட்டை, மூன்று வாய், ஜாடி, சட்டைப்பை, ஏப்ரல் மாதத்து வரப்பு, பஸ் எல்லாம்.

அவள் என்னையே பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது.

“ஆகஸ்ட்டத் தின்னுட்டீங்களா? கெளுத்தி மீனு கதைய விட இது நல்லாருக்கு.”

“சத்தியமா தங்கச்சி.”

“கெளுத்திக்கும் சத்தியந்தான பண்ணினீங்க? சாப்புடுங்க, ஆறுது.”

அவ்வளவுதான். வாழ்நாள் முழுக்கப் பொய் சொன்னதற்குக் கூலி அன்று கிடைத்தது என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அடுத்த புது வருஷத்தன்று விடியும்போது கதவைத் திறந்தால் வாசலில் ஒரு துணி முடிச்சு. அவிழ்த்தேன். அவித்த முட்டை ஒன்று, இன்னும் சூடாக. அதோடு ஒன்றும் இல்லை. துணியை உதறிப் பார்த்தேன். ஒரு சிட்டிகை உப்புகூட இல்லை.

அவள் அன்றும் சரி, பிறகும் சரி, அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. எதிரே பார்த்தால் எப்போதும்போல “அண்ணே, நல்லாருக்கீங்களா?” என்பாள். ஆனால் ஒன்பது வருஷமாக முட்டை தவறவில்லை. எழுபத்தைந்து வயதில், விடியற்காலை இருட்டில், அந்த மேட்டிலிருந்து என் வாசல்வரை அவளே நடந்து வருகிறாள்.

இந்த வருஷமும் வந்தது. மேஜைமேல் வைத்துவிட்டுப் பூசைக்குப் போனேன். நன்மை வாங்கித் திரும்பி வந்து உரித்தேன். ஆறிப்போயிருந்தது. உப்பு தொடாமல் மூன்று வாயில் தின்றேன். உப்பு ஜாடி கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது.